1200 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால்

திங்கள்

கோவையில் ஒரு கட்டட வரைபட அலுவலகம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதத்தில் ஒரு பெண்ணின் கையில் முதல்முறையாக ஒரு வீடு முழுசாக வந்திருக்கிறது. ரெவிட் மென்பொருளில் தூண்களை நிறுத்தியாயிற்று. முதல் மாடி மட்டத்தில், தூணுக்குத் தூண் 230-க்கு 450 பீம் ஒன்றை இழுத்தார். பிளானில் ஒன்றும் வரவில்லை. திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி மட்டும் எட்டிப் பார்த்தது: வரைந்தது எதுவும் இந்தக் காட்சியில் தெரியாது.

பெட்டியை மூடிவிட்டு மறுபடி இழுத்தார். பிறகு இன்னொரு முறை. ஒரே இடத்தில் ஒரே பொருள் இரண்டு இருப்பதாகவும், கணக்கில் இரட்டிப்பாகும் என்றும் மென்பொருள் சொல்லத்தான் செய்தது. மூடிப் பழகிய கை அதையும் மூடியது.

சாயங்காலம் அளவுப் பட்டியலைத் திறந்தபோது, 4 மீட்டர் பீமுக்கு 0.414 கன மீட்டர் என்று நிற்க வேண்டிய கான்கிரீட் 1.242 என்று நின்றது. 3டியில் போய்ப் பார்த்தால் பீம் இருக்கிறது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று.

செவ்வாய்

"சார், 3டியில இருக்குதுங்க. பிளான்லதான் வரமாட்டேங்குது."

மூத்த வரைவாளர் டிரேசிங் பேப்பரும் மைப்பேனாவுமாகத் தொழில் கற்றவர். பதில் சொல்லாமல் பென்சில் பெட்டியை எடுத்து மேசைப் பலகைக்கு அடியில் ஒட்டினாற்போலப் பிடித்தார். "குனியாம பாரு. பெட்டி தெரியுதா?"

தெரியவில்லை. பிளான் என்பது, தளத்திலிருந்து 1200 மில்லிமீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக அறுத்துவிட்டுக் கீழே பார்ப்பது. கட்டடக்கலை டெம்பிளேட்டில் அந்தப் பார்வை தளமட்டம் வரை, அதாவது பூஜ்யம் வரை போய் நின்றுவிடும். பீமின் மேல்முகமோ தளமட்டத்தோடு சமமாக இருக்கிறது. உடம்பு 450-ம் அதற்குக் கீழே தொங்குகிறது. விசைப்பலகையில் வி, ஆர் தட்டி வியூ ரேஞ்சைத் திறந்து, வியூ டெப்த்தை மைனஸ் 600 ஆக்கினார்கள். பீம் வந்து நின்றது.

கையால் வரைந்த காலத்தில் இந்தத் தகராறு இல்லை. கண்ணுக்குத் தெரியாத பீமையும் வரைவாளர் தானாகவே புள்ளிக்கோட்டில் போட்டுவிடுவார். மென்பொருளுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

அதிகப்படி இரண்டு பீம்களையும் அந்தப் பெண் பிளானிலேயே அழித்தார்; 3டியிலிருந்தும் பட்டியலிலிருந்தும் அதே நொடியில் போயின. மாடல் ஒன்றுதான், காட்சிகள்தான் பல. 'உடனே திருத்து' என்ற பொருளில் 2000-இல் இந்த மென்பொருளுக்குப் பெயர் வைத்ததும், 2002-இல் ஆட்டோடெஸ்க் அதை விலைகொடுத்து வாங்கியதும் இந்த வித்தைக்காகத்தான்.

புதன்

ஸ்லாப் போட்டார். பீம்கள் மறுபடி மாயம். இம்முறை அவர் பதறவில்லை: மேலே கான்கிரீட் பலகை கிடந்தால் அடியில் இருப்பது எப்படித் தெரியும்? காட்சியின் டிசிப்ளினை ஆர்க்கிடெக்சுரலிலிருந்து ஸ்ட்ரக்சுரலுக்கு மாற்றியதும், ஸ்லாப்புக்கு அடியிலிருந்த பீம்கள் விட்டுவிட்டு வரும் கோடுகளாக எழுந்தன.

கூடவே ஒரு குளியலறைச் சுவர் காணாமல் போனது. பாரம் தாங்காத சுவர்களை ஸ்ட்ரக்சுரல் காட்சி காட்டாது என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, சுவருக்கு ஒரு பிளான், பீமுக்கு ஒரு பிளான் என்று பிரித்தார். சைட்டில் கேட்பதும் அப்படித்தானே.

வியாழன்

கார் நிறுத்தும் ஷெட்டுக்கு ஐஎஸ்எம்பி 200 எஃகு பீம்கள். 200 உயரமும் 100 அகலமும் உள்ள பீம், பிளானில் ஒற்றைக் கோடாக நிற்கிறது. அதுவும் தூணைத் தொடாமல். அவர் முனையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார். இடைவெளி அப்படியே இருந்தது.

இது கோளாறே இல்லை. டீட்டெயில் லெவல் 'கோர்ஸ்' என்றிருந்தால் எஃகு பீம் வெறும் குறியீட்டுக் கோடுதான். கோடு தூணுக்கு முன்னால் நிற்பது எஃகு வரைபடங்களின் பழைய மரபு. எது தூண், எது அதில் வந்து சேரும் பீம் என்று பார்த்ததும் புரிவதற்காக. தாளில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி, ஒன்றுக்கு நூறு அளவில் 250 மில்லிமீட்டராகத் தெரியும். 'மீடியம்' ஆக்கினால் பீமுக்கு அகலம் வந்துவிடும். மரபு நல்லதாகவே பட்டதால் அவர் கோர்ஸிலேயே விட்டார்.

வெள்ளி

பக்கத்து இருக்கைக்காரரின் திரையில் மொட்டைமாடி பீம்கள் இல்லை. திரையின் கீழே இருக்கும் பல்பு படத்தை அழுத்தும்படி அந்தப் பெண் சொன்னார். மறைத்து வைத்தவையெல்லாம் கருஞ்சிவப்பில் வெளிப்பட்டன. யாரோ மறைத்திருக்கிறார்கள். யார் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சனி

பிரிண்ட் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் ஃபேப்ரிகேட்டரின் போன். "ஏனுங்க மேடம், ஷெட்டு பீமு தூணுக்குக் கால் மீட்டர் முன்னாலயே நிக்குதுங்களே. அளவு பார்த்து வெட்டிரட்டுங்களா?"

"வெட்டிராதீங்கண்ணா, ஒரு நிமிஷம்" என்றபடியே அவர் டீட்டெயில் லெவலை மீடியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.