சம்மர் டூர் எங்கே? முதலில் பாட்டியின் முழங்காலைக் கேளுங்கள்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு பக்கமிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் வீட்டில் தொடங்கும் 'இந்த லீவுக்கு எங்கே போகலாம்' பஞ்சாயத்தில் இந்த எண்களை யாரும் பேசுவதில்லை. பத்தாவது வளைவில் சின்னவன் ஜன்னல் பக்கம் தலையை நீட்டும்போதுதான் அவை ஞாபகத்துக்கு வருகின்றன.

பஞ்சாயத்தில் வருவதெல்லாம் ஊர்ப் பெயர்கள்தான். அப்பா ஊட்டி என்பார், அதைவிட்டால் கொடைக்கானல். கல்லூரிக்குப் போகப்போகிற மகள் ரீல்ஸில் பார்த்த ஏதோ ஓர் அருவியைக் காட்டுவாள். பையனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும். பாட்டி, "நான் வீட்டிலேயே இருந்துக்கறேன்ப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்பார். அதற்கு 'எனக்கு வர ஆசைதான், முட்டிதான் ஒத்துழைக்காது' என்று அர்த்தம். அம்மாவைக் கேட்டால் "எங்கே வேணாலும் சரி" என்று பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளும் வீடுகள்தான் அதிகம்.

ஊர்ப் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கூட வருகிறவர்களில் யாருக்கு எது முடியாது என்று முதலில் எழுதிப் பார்த்தால் பாதிப் பட்டியல் தானாகவே அடிபட்டுவிடும். உதாரணத்துக்குக் கொல்லிமலை. அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே போகிற எல்லோரும் பார்க்க நினைக்கும் ஆகாய கங்கை அருவிக்கு, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவதுகூடப் பெரிதில்லை, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். கல்லூரி நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போக நல்ல இடம். எழுபது வயதுப் பாட்டிக்கு 70 வளைவு கடந்துபோய்க் கோயில் வாசலோடு திரும்புவது பயணம் இல்லை, தண்டனை.

ஊட்டி, கொடைக்கானல் என்றாலே இப்போது முதல் கேள்வி இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்கித்தான் வர வேண்டும் என்று ஆனது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, கிளம்பும் நாளில் பாஸ் தேடுகிறவர்கள் மலையடிவாரத்தில் நின்று சண்டை போடுவதில் பயன் இல்லை. அந்த வருஷத்து விதி என்ன என்று பார்த்துவிட்டு அறை போடுவதே முறை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

கட்டுப்பாடு இருந்தும் மே மாத ஊட்டி கூட்டம்தான். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். பெயருக்காக ஊட்டி போயே தீர வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியில், திங்கள் முதல் வியாழனுக்குள் போய் வருவது புத்திசாலித்தனம். அதையும்விட, கோத்தகிரியில் தங்கிக்கொண்டு ஊட்டியை ஒரு பகலில் பார்த்துவிட்டு இறங்கலாம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் பங்களா அதன் பக்கத்தில் கன்னேரிமுக்கில் இருக்கிறது. கூட்டம் குறைவு, குளிரும் உண்டு.

பையனுக்காக மலை ரயில் வேண்டுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் ஐந்து மணி நேரம் போல ஆகும். பல் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே வருகிறது. அதைப் பார்க்கத்தான் இந்த ரயிலில் ஏற வேண்டும். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில் இது, சீசனில் டிக்கெட் கிடைப்பது லாட்டரி மாதிரி. கிடைக்காவிட்டால் குன்னூர்-ஊட்டி மட்டும் போகலாம். பல் சக்கரம் இருக்காது, ஆனால் குகை, பாலம், தேயிலைத் தோட்டம் எல்லாம் உண்டு. ஐந்து மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாத பெரியவர்களுக்கும் அதுதான் சரி. இன்னொன்று: நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போவது நல்லது.

ஏற்காடு, கொஞ்சம் உண்மையோடு

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்லிச் சொல்லியே அதன் மரியாதையைக் குறைத்துவிட்டார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு அதில் உள்ள வசதி ஊட்டியில் கிடையாது. ஊர் சின்னது. ஏரி ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. படகுத்துறை, பூங்கா, டீக்கடை எல்லாம் ஏரியை ஒட்டியே வந்துவிடுகின்றன. பாட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் பேரன் படகில் போவதையும் பார்க்கலாம், மகள் போட்டோ எடுப்பதையும் பார்க்கலாம். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், ஆனாலும் அவரவர் விருப்பம் அவரவருக்கு.

குளிருமா என்றால், கணக்கு இதுதான். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சராசரியாக ஆறு டிகிரி போலச் சூடு குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், ஊட்டி 2,200-க்கு மேல். சேலத்தில் 39 டிகிரி கொளுத்தும் நாளில் ஏற்காட்டில் முப்பது முப்பத்தொன்று இருக்கும். அதாவது மதியம் பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது, வெயில் உறைக்கத்தான் செய்யும். சாயங்காலம் நாலு மணிக்குமேல்தான் ஏற்காடு ஏற்காடாக இருக்கும். லேடீஸ் சீட்டில் இருட்டும் வரை காத்திருந்தால் கீழே சேலம் நகரத்தின் விளக்குகள் தெரியும். பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் இரண்டையும் வண்டியிலேயே பார்த்துவிடலாம். கிளியூர் அருவியை மட்டும் மே மாதத்தில் நம்ப வேண்டாம். மழை பெய்திருந்தால்தான் தண்ணீர், அதற்கும் படி இறங்க வேண்டும்.

இந்த மலைக்குக் காபி வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது அது. இன்றைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மர நிழலில் காபிச் செடிகளும், மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடியும்தான். வீட்டில் தினம் குடிக்கிற டிகிரி காபி எதிலிருந்து வருகிறது என்று பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்றே ஒரு ரயில் ஓடுகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஏற்காட்டுக்குப் போகாது, சேலம் வழியாக ஈரோட்டுக்குப் போகிறது. விடியும் முன்பே சேலத்தில் இறக்கிவிட்டுவிடும். இருட்டில் மலை ஏறாமல், வெளிச்சம் வந்தபிறகு இட்லி சாப்பிடாமல், அல்லது பாதி வயிறு மட்டும் சாப்பிட்டுவிட்டு, மலைப்பாதையில் கிளம்புவது உத்தமம். 20 வளைவுதான் என்றாலும், வாந்தி வருகிற பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைத்து, மொபைலை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

வளைவே இல்லாத ஓர் ஊர்

மலை என்றாலே ஒத்துவராது என்கிற வீட்டுக்குக் கன்னியாகுமரி. 'மே மாசம் கடற்கரையா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வியர்க்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னை எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலையில் ஊர்க்கோடியில் இறங்கலாம். ஒரு வளைவு இல்லை, ஒரு வண்டி மாற்றம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் சில நிமிடம்.

சித்ரா பௌர்ணமி பெரும்பாலும் இந்த விடுமுறைக்குள்தான் வரும். அன்றைக்கு மாலை மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறுவதைக் குமரிக் கரையிலிருந்து பார்க்கலாம். மேகம் மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடலுக்குள் 133 அடி வள்ளுவர் சிலை. முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது, விவேகானந்தர் பாறையோடு திரும்ப வேண்டியதுதான். இப்போது பாறைக்குப் போய்விட்டால் அங்கிருந்து கண்ணாடிப் பாலத்தில் நடந்தே சிலைக்குப் போகலாம். 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. காலுக்கடியில் கடல் அலையடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்கள் கைப்பிடியை விடமாட்டார்கள். படகு வரிசைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பதினொரு மணி வெயிலில் அங்கே நிற்பது யாருக்கும் ஆகாது.

மதியத்துக்கு அருமையான இடம் தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பு, திங்கட்கிழமை விடுமுறை. மரத்தால் கட்டிய திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடந்தால், வெளியே என்ன வெயில் என்றாலும் உள்ளே கால் குளிரும். மரப்படிகள் மட்டும் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி எல்லாம் அதே பக்கம்தான். வழியெல்லாம் நுங்கும் பலாவும் மட்டிப் பழமும் கிடைக்கிற காலம் அது. குற்றாலத்தை மட்டும் மே மாதத்தில் இந்தப் பயணத்தோடு முடிச்சுப்போட வேண்டாம். அதன் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 மே 6-ம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போய்விட்டார்கள். தொலைதூரக் கடலில் கிளம்பி, கரையில் காற்றே இல்லாத நேரத்திலும் திடீரென்று பொங்கி வரும் அலையைத்தான் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். அந்த எச்சரிக்கை அன்றைக்கு இருந்தது. பதினோரு நாள் கழித்து, மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், 17 வயதுப் பையன் பலியானான். மேலே மலையில் பெய்த மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. 'எச்சரிக்கை', 'தடை' என்ற பலகையைப் பார்த்தபிறகு, 'இவ்வளவு தூரம் வந்தாச்சே, காலை மட்டும் நனைச்சுக்கலாம்' என்று சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் பேச்சை அன்று மட்டும் கேட்கக்கூடாது.

இனி அம்மாவின் "எங்கே வேணாலும் சரி." செலவு மிச்சம் என்று சமையலறையோடு கூடிய காட்டேஜ் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் டிக்கியில் ஏறும். காலை ஆறு மணிக்கு எல்லோரும் மலைப் பனியைப் பார்க்கும்போது அம்மா பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். அடுப்பு மட்டும் இடம் மாறியிருக்கிறது. நாலு நாளும் வெளியே சாப்பிட பட்ஜெட் இடம் கொடுக்காது என்றால், நாலு நாள் பயணத்தை மூன்று நாளாகக் குறைத்துவிட்டுச் சமைக்காமல் இருப்பது மேல். காபிக்கு மட்டும் ஒரு கெட்டில் போதும், அதையும் அப்பா போடட்டும்.

ரயில் என்று முடிவானால் ஒரு சின்னச் சூட்சுமம். கீழ் பெர்த்துக்கென்று ரயில்வேயில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும். ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கணக்கில் வரும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, பாட்டிக்கு அப்பர் பெர்த் வந்துவிட்டதே என்று ராத்திரி ஒவ்வொரு சீட்டாகக் கெஞ்சுவது இதனால்தான். பாட்டியையும், 45 தாண்டியிருந்தால் அம்மாவையும் சேர்த்து அந்த ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் போட்டுவிடலாம். மற்றவர்களுக்கு இன்னொன்று. பையனுக்குப் பன்னிரண்டு ஆகவில்லை என்றாலும், தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான். பெர்த் வேண்டாம் என்றால் பாதி.

முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் போய்விட்டது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 10-ம் தேதி கிளம்ப வேண்டும் என்றால், மார்ச் 11-ம் தேதி காலை எட்டு மணிக்கு மொபைலும் கையுமாக யாராவது ஒருவர் உட்கார வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும், அப்பாவுக்கு ஆபீஸ் கிளம்பும் நேரம். யார் உட்காருவது என்பதையும் அந்தப் பஞ்சாயத்திலேயே பேசி முடித்துவிடலாம்.