பழனி மலையின் வெண்ணெய்ப் பழம்

பழனி மலைத்தொடருக்குச் செல்வோரில் பலர் கொடைக்கானல் ஏரியைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். அதே மலையின் இடைச்சரிவில், குளிரும் வெயிலும் அளவோடு கலந்த அழகிய பகுதி ஒன்று உண்டு. அன்பு வாசகர்களே! அங்கு விளையும் ஒரு பழத்தையும், நம் வீட்டுச் சமையலில் அதற்குரிய இடத்தையும் பற்றி உங்களோடு பேசவே இக்கட்டுரை.

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் ஊத்து என்னும் சிற்றூர் வரும். அங்கே பிரியும் கிளைச்சாலை பண்ணைக்காட்டிற்கும், அதற்கப்பால் தாண்டிக்குடிக்கும் செல்கிறது. மேலும் சென்றால் தடியன்குடிசை, பெரும்பாறை ஆகிய ஊர்களைக் கடந்து சமவெளிக்கு இறங்கிவிடலாம். வழிநெடுகக் காப்பித் தோட்டங்கள். நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக்கொடிகள் படர்ந்திருக்கும். இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் பலாவும் நிற்கும். இவற்றினூடே கரும்பச்சை இலையடர்ந்து ஓங்கி நிற்பதுதான் வெண்ணெய்ப் பழ மரம். ‘பட்டர் புரூட்’ என்றும் ‘அவகாடோ’ என்றும் கடைகளில் விற்கப்படுவது இதன் கனியே.

இதன் தாயகம் மெக்சிகோவும் அதையடுத்த நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். பிரியாணிக்கு நாம் இடும் பட்டையைத் தரும் மரமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தொலைதூரத்திலிருந்து வந்த இம்மரம் இன்று நம் மலையில் நன்கு வேரூன்றிவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தடியன்குடிசையில் உள்ளது. டி.கே.டி. 1 என்னும் வெண்ணெய்ப் பழ இரகம் அந்நிலையம் தந்ததே. அவ்வூரின் பெயரே அவ்வெழுத்துகளில் அடங்கியிருக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த மரங்களோ ஒன்றைப்போல் ஒன்று காய்ப்பதில்லை. ஒரு மரத்தில் உருண்டைக் காய். அடுத்த மரத்தில் சுரைக்காய் போலக் கழுத்து நீண்ட காய்!

மரத்தில் பழுக்காத பழம்

ஆவணி மாதத்தில் நான் அங்குச் சென்றிருந்தபோது, முதிய தோட்டக்காரர் ஒருவர் நீண்ட கழியின் முனையில் வலைப்பை கட்டிக் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார். “பழுத்தவை இல்லையா?” என்று கேட்டேன். “பாய், மரத்துல இருக்கற வரைக்கும் இது கல்லுதான். இறக்கி வச்சாத்தான் பழமாகும்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இக்காய் மரத்தில் முதிருமேயன்றிப் பழுக்காது. பறித்த பின்னரே கனியத் தொடங்கும். ஆகவே கடையில் கல்போன்ற காயைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அதை வாங்கி வந்து அரிசிப் பானையிலோ, காகிதப் பையில் வாழைப்பழத்தோடு சேர்த்தோ வையுங்கள். வாழைப்பழம் வெளிவிடும் வாயு இதனை விரைந்து கனியச் செய்யும். சில நாட்களில் காம்பின் அருகே மெல்ல அழுத்தினால் இளகிக் கொடுக்கும், அதுவே பதம். காயாக இருக்கும்போது குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரிவரக் கனியாது. கனிந்தபின் வைத்தால் ஓரிரு நாட்கள் கெடாமல் இருக்கும்.

ஆடு, கோழி வளர்க்கும் இல்லத்தினர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இம்மரத்தின் இலை, பழத்தின் தோல், கொட்டை ஆகியவற்றில் உள்ள ஒருவகை நச்சுப்பொருள் ஆடுகளுக்கும் பறவைகளுக்கும் தீங்கானது. மீந்த தோலைத் தவறியும் அவற்றிற்குப் போட்டுவிடாதீர்கள்.

இனிப்பு நாம் சேர்த்ததே

மலையிலிருந்து இறங்கும் இப்பழம் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் பழச்சாற்றுக் கடை. அங்கே பாலும் சர்க்கரையும், சில வேளை ஐஸ்கிரீமும் சேர்த்து அரைத்துத் தருகின்றனர். சுவைக்குக் குறைவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: 100 கிராம் வெண்ணெய்ப் பழத்தில் இயற்கையாக உள்ள சர்க்கரை ஒரு கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து ஏறத்தாழ 7 கிராம். கொழுப்பு ஏறத்தாழ 15 கிராம். அக்கொழுப்பின் பெரும்பகுதி ஜைத்தூன் எண்ணெயில் உள்ள அதே வகையைச் சேர்ந்தது.

மாம்பழத்தையும் பலாச்சுளையையும் ஆசையோடு பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்! அவர்களும் அச்சமின்றி அளவோடு உண்ணத்தக்க ஒரு கனி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரையைக் கொட்டி, அவர்களுக்கு ஆகாததாக நாமே மாற்றிவிடுகிறோம். இது வருந்தத்தக்கதன்றோ?

நம் அடுக்களையில்

பழத்தை நீளவாக்கில் சுற்றிலும் கீறி, இரு பாதிகளையும் எதிரெதிராகத் திருகினால் பிரிந்துவிடும். கொட்டையைக் கரண்டியால் நெம்பி எடுங்கள். கத்தியால் குத்தினால் கை வெட்டுப்படும். அறுத்த சதை காற்றுப் பட்டால் கறுக்கும். உடனே எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் சற்று நேரம் மாறாது.

எளிய முறையிலிருந்து தொடங்குவோம். பழத்துண்டுகளோடு வெள்ளரி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றை நறுக்கிச் சேர்த்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி, எலுமிச்சை பிழியுங்கள். பிரியாணிக்குச் செய்யும் தயிர்ப் பச்சடியிலும் இறுதியாக இத்துண்டுகளைச் சேர்க்கலாம். காரத்தைத் தணிக்க இதற்கு இணையில்லை.

மெக்சிகோ மக்கள் எரிமலைக்கல் உரலில் இதை மசித்துக் ‘குவாக்கமோலி’ என்னும் துவையல் செய்கின்றனர். அதற்கு வேண்டிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லித் தழை, எலுமிச்சை, உப்பு யாவும் நம் வீட்டில் உள்ளவையே. மிளகாயையும் உப்பையும் இடிகல்லில் நசுக்கி, பழத்தைச் சேர்த்து ஒன்றிரண்டாக மசித்து, மற்றவற்றைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் போதும். சப்பாத்திக்கும் தோசைக்கும் நன்கு பொருந்தும். சப்பாத்தி மாவில் எண்ணெய்க்குப் பதிலாக மசித்த பழத்தைச் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி மிருதுவாக வரும்.

சற்றுத் துணிந்து செய்ய விரும்புவோர், கொட்டை நீக்கிய பாதிப் பழத்தின் குழியில் மிளகிட்டு வதக்கிய இறாலை நிரப்பிப் பரிமாறலாம். கோழி ரசத்தைக் கோப்பையில் ஊற்றியபின் சில துண்டுகளை மிதக்கவிடுவதும் மெக்சிகோ வழக்கமே. அடுப்பில் வைத்து நெடுநேரம் கொதிக்கவிடுதல் மட்டும் கூடாது, பழம் கசந்துவிடும்.

இனிப்பாகவே வேண்டுமெனில், மொராக்கோவில் நோன்பு திறக்கும் வேளையில் அருந்தப்படும் பானத்தைப் பாருங்கள். பழத்தைப் பாலோடு அரைப்பர். அதில் சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு பேரீச்சம் பழங்களைச் சேர்த்தால் குழந்தைகள் விரும்பி அருந்துவர். பேரீச்சையிலும் இனிப்பு உண்டாதலால் நீரிழிவு உள்ளோர் இதைத் தவிர்த்து, உப்பிட்ட வகையையே கொள்வது நன்று.

எதற்கும் அளவு வேண்டும். கொழுப்பு மிகுந்த கனியாதலால் ஒருவருக்கு ஒருவேளைக்குப் பாதிப் பழம் போதுமானது. பொட்டாசியச் சத்தும் மிகுதி. எனவே சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும்.

அடுத்த முறை சந்தையில் இப்பச்சைக் காயைக் கண்டால் ஒன்றை வாங்கி வாருங்கள். பொறுத்திருந்து கனியவைத்து, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்து, உங்கள் இல்லத்தில் இனிப்பை விலக்கி வாழும் பெரியவருக்கு முதல் பங்கைக் கொடுங்கள். மற்றவர்களோடு ஒரே தட்டிலிருந்து பழம் எடுத்து உண்ணும் மகிழ்ச்சி அவர்களுக்கும் கிட்டட்டும்.