பிக்கப் சரியில்லையா பாஸ்?

'வண்டியில பிக்கப் இல்ல மச்சி'ன்னு மெக்கானிக் கடை வாசல்ல நின்னு புலம்புகிற ஆளா நீங்க? ஸாரி பாஸ், இது அந்த பிக்கப் இல்லை. எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே, ஒன்றோ இரண்டோ மூன்றோ பட்டையாகப் பதுங்கி உட்கார்ந்திருக்குமே... அந்த பிக்கப்!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தால் போதும், ஒவ்வொரு காலேஜ் பேண்டிலும் ஒரு கிடாரிஸ்ட் சோகமாகிவிடுவார். 'டோன் வரல மச்சி. கிடாரை மாத்தினாத்தான் ஆச்சு' என்பார். அந்த 'மாத்தினாத்தான்'-க்குப் பின்னால் ஒரு அப்பாவின் பி.எஃப். லோனோ, ஒரு அம்மாவின் நகையோ நடுங்கிக்கொண்டு நிற்கும். கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கையில் இருக்கிற கிடாரை ஒரு மாலைப் பொழுது ஒழுங்காக விசாரித்துப் பாருங்களேன்.

முதலில் கொஞ்சம் ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ். பயப்படாதீங்க, மார்க் கிடையாது! 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் ஞாபகம் இருக்கிறதா? பிக்கப் என்பது அதேதான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே இருக்கிற ஸ்டீல் கம்பியை மீட்டினால், அது அதிர்கிற தாளத்துக்குக் காந்தப்புலம் அசையும். சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அதுதான் கேபிள் வழியாக ஆம்புக்குப் போய் அரங்கத்தை அதிர வைக்கிறது. எலெக்ட்ரிக் கிடாரில் நைலான் கம்பியைக் கட்டினால் இந்த பிக்கப் வாயே திறக்காது. அதற்கு இரும்பு பாஷை மட்டும்தான் தெரியும்.

இது பிறந்த கதையும் நம்ம பேண்ட் பிரச்னைதான். அமெரிக்காவில் டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்தில் கிடார் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். ஜார்ஜ் பீச்சம் என்கிற கிடாரிஸ்ட் 1931-ல் காந்தமும் சுருளும் வைத்து ஒன்றைச் செய்தார். மறு வருஷமே ரிக்கன்பேக்கர் கம்பெனி தயாரிப்பாக விற்பனைக்கு வந்தது. பார்க்க அச்சு அசல் தோசைக்கல் மாதிரி இருந்ததால், அதன் செல்லப் பெயரே 'ஃபிரையிங் பேன்'!

சரி, டோன் எங்கிருந்து வருகிறது? முதல் விஷயம், இடம். கம்பி கட்டப்பட்டிருக்கிற பிரிட்ஜ் பக்கம் அதன் ஆட்டம் குறைவு. அங்கே இருக்கிற பிக்கப் கூர்மையாக, வெடுக்கென்று பேசும். கழுத்துப் பக்கம் போகப் போகக் கம்பி தாராளமாக ஆடும். அந்த பிக்கப்பின் குரல் குண்டாக, இதமாக இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடது கைக்காரர். வலது கை ஸ்ட்ராட்டோகாஸ்டரையே தலைகீழாகத் திருப்பிக் கம்பியை மாற்றிக் கட்டி வாசித்தார். அந்தக் கிடாரின் பிரிட்ஜ் பிக்கப் சாய்வாக இருக்கும். திருப்பியதும் சாய்வும் திரும்பிவிட்டது. தடித்த கம்பிகள் கொஞ்சம் பளிச்சென்றும், மெல்லிய கம்பிகள் கொஞ்சம் மென்மையாகவும் பேச ஆரம்பித்தன. சில சென்டிமீட்டர் இடமாற்றத்துக்கே குரல் மாறுகிறது பாருங்க!

இரண்டாவது, வகை. ஒரே சுருள் உள்ளது சிங்கிள் காயில். கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுற்றுப்புறத்தில் திரிகிற கரன்ட் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று ரீங்காரம் போடும். டியூப் லைட் சோக், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் இதற்கு எதிரிகள். கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள். ஒன்றுக்கொன்று எதிர்த் திசை, காந்தமும் எதிர்த் துருவம். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காலி. கம்பியின் இசை மட்டும் கூட்டுச் சேரும். ஹம்மை விரட்டியதால் பெயர் 'ஹம்பக்கர்'. சத்தம் தடிமன், கொஞ்சம் உச்ச ஸ்வரப் பளபளப்பு போய்விடும். எது உசத்தி? இட்லியா தோசையா கேள்விதான். பசிக்கு ஏற்ப!

இன்னொரு சுவாரஸ்யம். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப், மூன்றே நிலை ஸ்விட்ச். நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவில் சிக்க வைத்து, இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகப் பேச வைத்தார்கள். வந்த சத்தம் அவ்வளவு அழகு. கம்பெனி 1977-ல்தான் ஐந்து நிலை ஸ்விட்சையே பொருத்தியது. அதாவது, டோனைக் கண்டுபிடித்தது தொழிற்சாலை இல்லை. நோண்டிப் பார்த்த விரல்கள்.

நோண்டியவர்களில் என் ஃபேவரிட் பிரையன் மே. 'க்வீன்' இசைக்குழுவின் கிடாரிஸ்ட். 1963-ல் ஸ்கூல் படிக்கும் பையன். நல்ல கிடார் வாங்க வீட்டில் காசு இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பாவோடு உட்கார்ந்து தானே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். குளிர்காயும் அடுப்பின் பழைய மரச்சட்டம்தான் கழுத்து. உள்ளே பழைய பைக்கின் வால்வு ஸ்பிரிங். (பார்த்தீங்களா, பைக்கும் வந்துடுச்சு!) பிக்கப்பையும் முதலில் கையால் சுற்றினார். கம்பியை வளைத்து வாசிக்கும்போது அது சரிப்படவில்லை. பர்ன்ஸ் கம்பெனியின் மூன்று பிக்கப்களை வாங்கி மாட்டினார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்-ஆஃப் ஸ்விட்ச், எதிர்க்கட்டம் மாற்ற இன்னொரு ஸ்விட்ச் என்று வைத்தார். ஒரே கிடாரில் கணக்கில்லாத குரல்கள். 2002-ல் லண்டன் பக்கிங்காம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று அவர் வாசித்தது இந்த வீட்டுத் தயாரிப்பைத்தான். 2007-ல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். அரியர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன். செகண்ட் இயர். இரண்டு ஹம்பக்கர் உள்ள சாதா கிடார். 'கீபோர்டும் பேஸும் ஆரம்பிச்சா நான் வாசிக்கிறதே கேக்கலண்ணா' என்றான். அம்மா வளையலை அடகு வைத்துப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார்களாம். 'வர்ற சனிக்கிழமை வரைக்கும் வளையல் கையிலயே இருக்கட்டும்டா' என்றேன். சனிக்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தோம். கழுத்து பிக்கப் கம்பியை உரசுகிற மாதிரி உயர்ந்திருந்தது. இறக்கினோம். ஆம்பில் பேஸைக் குறைத்தோம். கார்டு வாசிக்கும்போது ஸ்விட்ச் நடுவில், லீடுக்கு மட்டும் பிரிட்ஜ். அவ்வளவுதான். சத்தம் தெளிந்து, அவன் வாசிப்பு முதன்முறையாக அவனுக்கே கேட்டது. கேட்டதும் முகம் கொஞ்சம் வாடியது. தாளம் தள்ளாடுவதும் சேர்ந்து கேட்டதே! 'இதுக்கு எந்தக் கடையில பார்ட்ஸ் கிடைக்கும்ணா?' என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருஷம் அவர்கள் பேண்டுக்குப் பரிசு எதுவும் இல்லை. வளையல் மட்டும் அம்மா கையிலேயே இருந்தது. அவன் தினமும் மெட்ரோனோம் வைத்து வாசிக்க ஆரம்பித்தான்.

உங்களுக்கான ஹோம் வொர்க் இது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி பாருங்க. சுமார் 2 மி.மீ.யில் ஆரம்பித்து, காதைக் கேட்டு ஏற்றி இறக்குங்க. ரொம்பக் கிட்டே வைத்தால் காந்தமே கம்பியை இழுத்து, சுதியை நெளிய வைக்கும். வால்யூம் குமிழை எப்போதும் பத்திலேயே வைக்காமல் ஏழில் வைத்துப் பாருங்க. ரொம்ப நீளமான கேபிள் பளபளப்பைச் சாப்பிடும், தேவையான நீளம் போதும். இரைச்சல் வந்தால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பாருங்க, பாதி அடங்கினாலும் அடங்கும். ஒவ்வொரு ஸ்விட்ச் நிலையிலும் ஒரே பாட்டை வாசித்து செல்போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்க.

இத்தனைக்கும் பிறகும் மனசுக்குள் கேட்கிற சத்தம் கிடாரில் வரவில்லையா? அப்போ பிக்கப்பை மட்டும் மாற்றுங்க, முழுக் கிடாரை மாற்றுவதைவிடச் செலவு பெரும்பாலும் குறைவு. எந்தச் சத்தம் வேணும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவனை எந்த சேல்ஸ்மேனும் ஏமாற்ற முடியாது பாஸ்!