யார் போட்ட நட்சத்திரம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கடையில் பால்கோவா வாங்கலாம் என்பதையும் இன்று மக்கள் கைப்பேசியிடம்தான் கேட்கிறார்கள். கடையின் பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஐந்துக்கு நாலரை என்றால் வண்டியை நிறுத்துகிறார்கள். இதில் தவறேதும் இல்லை. பால்கோவாவைத் தின்றவரே அதன் ருசியை எழுதுகிறார். அனுபவிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்று ஆகும்போதுதான் சிக்கல் எழுகிறது.

மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களைப் பற்றியே சொல்கிறேன். (சட்டம் இப்போது ‘அறிவுசார் குறைபாடு’ என்கிறது. நம் வீடுகளில் பழைய சொல்லே வழங்குகிறது. ‘பைத்தியம்’ என்னும் சொல் ஒழிந்தாலே பெரிய காரியம்.)

சில மாதங்களுக்கு முன், இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவுக்கு வந்தார். அவருடைய மகனுக்கு வயது இருபது. தானாக உடுத்தத் தெரியாது. பசித்தாலும் வலித்தாலும் சொல்லத் தெரியாது. தாய்க்கோ முதுகுவலி, வளர்ந்த பிள்ளையைப் பிடித்துக் குளிப்பாட்ட முடியவில்லை. “ஹஜ்ரத், நீங்க காலேஜ்ல படிச்சவங்க. இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்க” என்று கைப்பேசியை நீட்டினார். வெளியூர் இல்லம் ஒன்று; ஐந்துக்கு 4.7 வாங்கியிருந்தது.

இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட கருத்துகள் இருந்தன. பிறந்தநாளுக்கு மதிய உணவு கொடுத்தவர்கள், தகப்பனாரின் நினைவாகப் போர்வை வழங்கியவர்கள், கல்லூரியிலிருந்து ஒருநாள் வந்துபோன மாணவர்கள் எழுதியவையே பெரும்பாலானவை. ‘மனநிறைவாக இருந்தது’ என்று பலர் எழுதியிருந்தார்கள். நிறைந்தது கொடுத்தவருடைய மனம்; அங்கே வசிப்பவருடைய மனம் எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்த ஒருவரின் குறை, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்பது. பெற்றோர் எழுதியவையாகத் தோன்றியவை இரண்டே. அவையும் ஒரு சொல்லில் முடிந்துவிட்டன.

“பெத்தவங்க ஏன் எழுதறதில்லை?” என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: “நானே எழுத மாட்டேன் ஹஜ்ரத். ஏதாவது எழுதப்போய், உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டா நான் எங்கே போவேன்?”

கைப்பேசி வருமுன்னும் இத்தகைய நற்பெயர்கள் இருக்கத்தான் செய்தன. வாய்ச்சொல்லாக ஊர் ஊராகப் பரவின. அப்படிக் கேள்விப்பட்டு ஏர்வாடிக்குத் தம் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைவு வேறு என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் தன் நிலையை வெளியுலகுக்குச் சொல்ல வழியில்லாமல் கிடப்பது இரு சாராருக்கும் பொதுவானது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தைச் சோதனையிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட உறவினரைக் காணாமல் தேடிய ஒரு குடும்பம், விடாமல் காவல் துறையையும் நீதிமன்றத்தையும் நாடியதால் வெளிவந்த செய்தி அது.

அரசாங்கமே தரம் பிரித்துச் சொன்னால் போதாதா என்று தோன்றும். இங்கிலாந்தில் அப்படியொரு ஆணையம் இருக்கிறது. இல்லங்களை ஆய்வு செய்து, மிகச்சிறப்பு, நன்று என்று நான்கு தரங்களில் ஒன்றை அளிக்கிறது. வோர்ல்ட்டன் ஹால் என்னும் இல்லத்துக்கு 2017இல் ‘நன்று’ கிடைத்தது. 2019 மே மாதம் பி.பி.சி. நிருபர் ஒருவர் ஊழியர்போல உள்ளே இருந்து எடுத்த படம் ஒளிபரப்பானது. அங்கிருந்தவர்களை ஊழியர்கள் ஏளனம் செய்ததையும் அச்சுறுத்தியதையும் நாடே கண்டது. அதற்கு முன் 2011இல் விண்ட்டர்போர்ன் வியூ என்னுமிடத்தில் வெளிப்பட்ட கொடுமைக்கு 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அங்கே பணிபுரிந்த ஒருவர் முன்கூட்டியே முறையிட்டும் அந்த ஆணையம் அசையவில்லை என்பதுதான் வேதனை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் எழுதுவதைப் பற்றியது (2:282). மாணவர்களுக்கு அதை விளக்கும்போது ஓரிடத்தில் சற்று நின்றுதான் மேலே செல்வேன். கடன்பட்டவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, தாமே வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய வலீ நீதியோடு சொல்ல வேண்டும் என்று அல்லாஹ் பணிக்கிறான். அடுத்த வசனம் சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்கிறது. பணத்துக்கே இந்த ஏற்பாடென்றால், வாயில்லாத ஒரு மகனின் உடலுக்கும் மானத்துக்கும் யார் பேசுவது? சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டு அரைமணியில் திரும்பியவரா?

‘குறை எழுதினால் கீபத் ஆகாதா?’ என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் கைத்தடியைக் கீழே வைக்காதவர் என்று நபி (ஸல்) அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். எச்சரிப்பதற்காகக் குறை சொல்வது கீபத்தில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் கண்ணால் கண்டதைத் தேதியோடு எழுத வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அல்ல. நன்மையைக் கண்டால் அதையும் அப்படியே எழுதுவதுதான் நீதி.

அந்தச் சகோதரரிடம், முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள் என்றேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இன்றி இத்தகைய நிறுவனத்தை நடத்தக் கூடாது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு வேளையில் போய் நில்லுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் குதிகாலையும் பாருங்கள். ஊழியர் அருகில் வரும்போது பிள்ளை நகர்ந்து வருகிறானா, ஒதுங்குகிறானா என்று கவனியுங்கள். பேசாத பிள்ளை எழுதும் விமரிசனம் அதுதான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்கும் ஒருமுறை போய்வரச் சொன்னேன். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. நல்லது எப்படி இருக்கும் என்று கண்டவருக்கே அல்லாததை அடையாளம் காண முடியும்.

இன்னொன்றும் சொன்னேன், அதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் மகன் வளர்ந்த ஆள். அத்தா என்பதால் மட்டும் அவனுக்காகக் கையெழுத்திட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியரைக் கொண்டு மாவட்டந்தோறும் அமையும் உள்ளூர்க் குழுதான் சட்டபூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. வலீ என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் உள்ள பெயர் அதுதான். மறு வாரமே மகனின் அடையாள அட்டையையும் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பேருந்து ஏறினார்.