51 சென்டிமீட்டர்

தொழிற்சாலையில் என் வேலையே அளப்பதுதான். வெர்னியரை வைத்துப் பார்ப்பேன். வரம்பைத் தாண்டிய பாகம் கழிவுப் பெட்டிக்குப் போகும். பாகம் வாதாடாது.

2023 மே மாதம், லண்டன் போப்ளரில் போலீஸ் இரண்டு நாய்களைச் சுட்டுக் கொன்ற வீடியோவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணை நாய் தாக்கியதாகப் புகார் வந்துதான் அவர்கள் போயிருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் எக்ஸ்எல் புல்லி நாய்களுக்கு இங்கிலாந்தில் தடை வந்தது. இந்த நாய்களால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். தடை கேட்டவர்களின் பயம் பொய்யில்லை.

ஆனால் தடை எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோதுதான் எனக்கு உறுத்தியது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் நாயின் தாய் தகப்பனைக் கேட்பதில்லை, தோற்றத்தைத்தான் பார்க்கிறது. எக்ஸ்எல் புல்லி என்றால் வளர்ந்த ஆணுக்குத் தோள் உயரம் 51 சென்டிமீட்டரிலிருந்து, பெண்ணுக்கு 48இலிருந்து. கூடவே தலை, மார்பு என்று ஒரு பட்டியல். அதில் கணிசமானவை பொருந்தினால் போதும். இல்லை என்று நிரூபிப்பது வளர்த்தவர் பாடு. பெல்ஃபாஸ்டில் லென்னக்ஸ் என்ற நாயை 2010இல் இப்படித்தான் பிடித்துப் போனார்கள். யாரையும் கடித்ததாக வழக்கில்லை. இரண்டு வருடம் கூண்டில் கிடந்து, 2012 ஜூலையில் கொல்லப்பட்டது.

எங்கள் மணிக்கு அவ்வளவு நாள்கூட இல்லை. நான் ஐந்தாம் படிவம் படித்தபோது நகராண்மைக் கழக ஆட்கள் தாமானுக்கு வந்தார்கள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். "இனி பிட்புல் கெ?" என்று ஒருவர் கேட்டார். மணி தோட்டத்திலிருந்து கொண்டு வந்த சாதாரண நாட்டு நாய், தலை மட்டும் கொஞ்சம் பெரிசு. "இல்லை அங்கிள்" என்றேன். "லைசன்ஸ்?"

அதைப் புதுப்பிக்கச் சொல்லி அப்பா கொடுத்த காசு அப்போது என் பையில்தான் இருந்தது. இரண்டு வாரமாக.

கம்பிச் சுருக்கைக் கழுத்தில் மாட்டியபோதுகூட மணி வாலை ஆட்டியது. மூன்றாம் நாள் அப்பாவும் நானும் போனோம். முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்த அங்கிள் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்து வரம்பைத் தாண்டியதை எடுத்துப் போனார், இன்று நான் செய்வதுபோல. ஆனால் நான் சந்தேகமான பாகத்தை இன்னொரு தடவை அளப்பேன்லா.

மணியின் உயரம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. யாரும் அளக்கவில்லை.