கடற்பாசி தின்னும் ஆடுகளின் கம்பளி நூல்

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னித் தீவுக் கூட்டத்தின் வட எல்லையாக நிற்கும் நார்த் ரொனால்ட்ஸேயில், வீடுகளும் வயல்களும் பசும்புல் தரையும் மதிலுக்குள்ளே இருக்க, ஆடுகள் மட்டும் அதற்கு வெளியே, அலை மோதும் பாறைக் கரையில் ஜீவிக்கின்றன. மாட்டுக்கும் பயிருக்கும் உரிய நிலத்தில் அவை வாய் வைக்காதிருக்கும்பொருட்டு, 1832-ஆம் ஆண்டில், தீவைச் சுற்றிச் சுமார் 13 மைல் நீளத்திற்கு, சாந்தின்றிக் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய மதில் அது. கடற்பாசியே அவற்றின் பிரதான ஆகாரம். கடல் வற்றும்போது மேய்ந்து, பொங்கும்போது கரையேறி அசைபோடுகின்றன. பாசியில் செம்புச் சத்து சொற்பமாகையால், கிடைத்ததை விடாமல் கிரகித்துக்கொள்ளும்படி அவற்றின் தேகம் பழகிவிட்டது. புல்லையே தின்று நெடுங்காலம் வாழ நேர்ந்தால் அந்தச் செம்பே விஷமாகிவிடக்கூடும்.

நான் சென்றது கம்பளி கத்தரிக்கும் கோடைப் பருவம். ஊரார் வரிசையாகக் கரையில் நின்று, பாறைக்குப் பாறை தாவும் அந்தச் சிற்றாடுகளைக் கற்பட்டிக்குள் மடக்குவதைக் கண்டேன். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமன்று. கூடி நின்றாலொழிய ஓர் ஆடும் அகப்படாது.

கத்தரித்த கம்பளி, 1854-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் வளாகத்திலுள்ள சிறிய ஆலைக்கு வருகிறது. அங்கே மேஜையின் முன் நின்ற பெண்மணி, சாம்பல், கபிலம், கறுப்பு, வெள்ளை என்று நிறம் பிரித்து, குப்பையைக் களைந்து, ஒவ்வொரு கற்றையையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொட்டார். இந்த ஆட்டின் உடம்பில் மழையைத் தாங்கும் முரட்டு மயிரும், அதனடியில் குளிரைத் தாங்கும் பட்டுப் போன்ற மெல்லுரோமமும் கலந்து வளர்கின்றன. முரட்டு மயிர் சிறிது தங்கினாலும் பின்னிய சட்டை கழுத்தை உறுத்தும். ஆகவே, அலசி உலர்த்திய கம்பளி, முரட்டு மயிரை உதிர்க்கும் இயந்திரத்தில் உருளைகளினூடே செலுத்தப்படுகிறது. என் கையில் தந்த கற்றை உட்சென்றபோது இருந்த அளவுக்கும், வெளிவந்தபோது இருந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ட பிறகு, அந்த நூலின் விலை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்பு சிக்கெடுத்து, நூற்று, இழைகளைச் சேர்த்து முறுக்கி, சிட்டமாகச் சுற்றுகிறார்கள். சாயமேற்றாமலே இத்தனை நிறங்கள் கிடைப்பது இந்த இனத்தின் விசேஷம்.

அபூர்வ இனத்தைக் காப்பது எளிதென்று எண்ணுவோர் உண்டு. எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்தாலே மந்தை முழுவதும் அழிந்துபோகும் என்று அஞ்சி, 1974-இல் ஒரு பகுதியை லிங்கா ஹோம் என்ற வேறொரு தீவில் குடியேற்றினார்கள். அது உசிதமான ஏற்பாடுதான். ஆயினும் பட்டிக்கு மடக்கவும், புயலில் சரியும் மதிலை மீண்டும் அடுக்கவும் ஆட்கள் வேண்டுமே! தீவில் இன்று வசிப்பவர் ஏறத்தாழ 60 பேர்தாம். அவர்களிலும் முதியோர் பலர். அதனால் 2016 முதல் கோடைக்காலங்களில் வெளியூர்த் தொண்டர்களை அழைத்து, விழுந்த கற்களை அவர்களோடு சேர்ந்து எடுத்து அடுக்கி வருகிறார்கள்.