பழுது பார்த்தல்

தமிழில் ‘பழுது பார்த்தல்’ என்றொரு தொடர் உண்டு. பழுது நீக்குதல், பழுது களைதல் என்றெல்லாம் சொல்ல வாய்ப்பிருந்தும் வழக்கில் நிலைத்தது ‘பார்த்தல்’தான். வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்ற வரிசையில் இதுவும் வருகிறது. இவ்விடங்களில் ‘பார்’ என்னும் வினை, கவனித்துச் செய்தல் என்ற பொருளைப் பெறுகிறது என்று வகுப்பில் சொல்வது வழக்கம். ஆயினும் கண்ணால் காணுதல் என்ற முதற்பொருள் அதில் முற்றாக மறைந்துவிடுவதில்லை. கடந்த மே மாதத்தில் ஒரு குளிரூட்டியின் பொருட்டு மூன்று பேர் என் வீட்டுக்கு வந்துபோன பிறகு, அந்த முதற்பொருளுக்கு என்ன விலை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஏ.சி. மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்த இயந்திரத்தின் பிறப்பே அச்சகத்தில்தான் என்பது என் விடை. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய குளிரூட்டிகளுக்கு மூதாதை. மனிதருக்கு முன்னால் காகிதத்துக்குத்தான் அது குளிர்ந்தது.

அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஒன்று எங்கள் திருவல்லிக்கேணியில் நிற்கிறது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி விற்ற பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் கட்டிய கிடங்கு அது. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் வணிகம் நொடித்தது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். கட்டடம் இன்று அவர் பெயரில் விளங்குகிறது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் மக்கள் நாவில் இன்னும் உருகவில்லை. குளிரூட்டியை ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அந்த டன்னும் பனிக்கட்டிக் கணக்கே. ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ அது ஒரு டன். எங்கள் வீட்டு ஒன்றரை டன் பெட்டி ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால், 1,360 கிலோ பனிக்கட்டியைக் கூடத்தில் கொட்டி உருகவிட்டதற்குச் சமம்.

அந்தப் பெட்டி மே மாதத்தின் நடுவில் குளிர்விக்க மறுத்தது. என் அம்மாவுக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் அளவு வைத்திருக்கிறார். வெயிலில் நாமெல்லாம் சொம்பு சொம்பாகக் குடித்துத் தணித்துக்கொள்வதை, அவர் அளவுக் குவளையில் வாய்நனைத்து முடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்த அறையின் குளிர்ச்சி மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து.

முதலில் வந்தவர் ஒரு நிறுவனத்தின் சீருடையில் இருந்தார். உள்பெட்டியில் மின்னிய பிழைக் குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளிப்பெட்டியைத் திறக்காமலேயே “போர்டு போயிடுச்சு சார்” என்றார். பலகையும் கூலியும் சேர்த்து 14,500 ரூபாய். ஏழாண்டுப் பழைய பெட்டிக்கு இவ்வளவு செலவழிப்பதைவிட, இதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்ற யோசனையையும் சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் குளிரூட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்திருப்பதையும் மறக்காமல் நினைவூட்டினார். இரண்டாவதாக வந்தவர் தெருமுனைக் கடைக்காரர். “கேஸ் தீந்துபோச்சு, 3,000 குடுங்க, அரை மணியில ஏத்திடறேன்” என்றார்.

மூன்றாவதாக வந்தவர் என் பழைய மாணவர். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டவர். தந்தையின் மறைவுக்குப் பின் இத்தொழிலைக் கற்றுக்கொண்டார். வந்ததும் கருவிப் பையைத் திறக்கவில்லை. எப்போதிலிருந்து குளிர் குறைந்தது, ஒரேயடியாகவா சிறுகச் சிறுகவா, உள்பெட்டியில் பனி படிந்ததா, மின்சாரம் ஏறி இறங்கியதா என்று கேட்டார். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். வெளிப்பெட்டி இருப்பது இரண்டாம் தளத்துச் சுவரின் புறத்தே, சந்துக்கு மேலே, இரும்புத் தாங்கியில். மொட்டை மாடித் தூணில் கயிற்றைக் கட்டி, இடைவாரில் மாட்டி, இருமுறை இழுத்துச் சோதித்துவிட்டு இறங்கினார். இதற்கே அரை மணி நேரம் ஆனது.

செப்புக் குழாய் வால்வில் சேரும் மரை இணைப்பில் எண்ணெய்க் கசிவின் கறை இருந்தது. கம்பிரசரின் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் பிசுபிசுக்கும். அவர் சோப்பு நுரையைத் தடவ, குமிழிகள் எழுந்தன.

“ஐயா, கேஸ் பெட்ரோல் மாதிரி தீந்துபோற பொருள் இல்லீங்க. உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். அதப் பாக்காம ஏத்தினா ரெண்டு மாசத்துல நான் திரும்ப வருவேன், நீங்க திரும்பக் காசு குடுப்பீங்க.”

வீட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் இது. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தைச் சுமந்து வெளியே இறக்கிவிட்டு வருகிறது. சுமக்கும் வாயு மூடிய குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அதுவேதான். குறைந்த வாயுவோடு பெட்டி ஓய்வின்றி ஓடும். இரண்டு மாத மின்கட்டணத்தில் அது தெரியும். இறுதியில் கம்பிரசரே சூடேறிக் கெடும். ஆகவே 3,000 என்பது ஒரு முறைக்கான விலை மட்டுமே. பிழைக் குறியீடும் அவ்வாறே. அது எங்கே வலிக்கிறது என்று சொல்லும். ஏன் வலிக்கிறது என்று யாராவது பார்க்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டுப் பலகை பழுதுபடவே இல்லை.

பலகைகள் பழுதாவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. மின்னழுத்தம் தாறுமாறானால் கெடும். கதகதப்பைத் தேடி நுழையும் பல்லி இரு முனைகளைத் தொட்டால் அதுவும் கருகும், பலகையும் கருகும். இன்வெர்ட்டர் அல்லாத பழைய பெட்டிகளில் விசிறி சுழன்றும் கம்பிரசர் முனகிக்கொண்டே நின்றால், சில நூறு ரூபாய்க் கெபாசிட்டர்தான் பெரும்பாலும் காரணம். அதற்குக் கம்பிரசர் விலையைக் கேட்பவரும் உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை உதிர்த்துவிடும். ஆகவே எதை மாற்றச் சொன்னாலும், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனையால் அது பழுது என்று தெரிந்தது எனக் கேளுங்கள். ‘கம்பிரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்’ என்ற எழுத்தின் கீழே வாயு, கூலி, வண்டிச்செலவு யாருடையது என்று சிறிய எழுத்தில் இருக்கும். உரையாசிரியர்களைப் படிக்கும் பொறுமையோடு அதைப் படியுங்கள்.

மாணவர் குழாய் முனையைப் புதிதாக விரித்துப் பொருத்தினார். நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றிச் சிறிது நேரம் விட்டு, அளவுமானியின் முள் இறங்கவில்லை என்று எனக்குக் காட்டினார். சிலர் நைட்ரஜனுக்குப் பதில் பற்றவைக்கும் ஆக்சிஜன் உருளையையே இணைத்துவிடுவார்களாம். எண்ணெயோடு ஆக்சிஜன் அழுத்தத்தில் கலந்தால் கம்பிரசர் வெடிக்கும். பின்னர் வாக்குவம் பம்பினால் குழாயின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பெட்டியின் வில்லையில் பொறித்திருந்த எடைப்படி தராசில் வைத்து வாயுவை ஏற்றினார். எங்களுடையது ஆர்-32. எளிதில் இல்லாவிடினும் தீப்பற்றக்கூடியது என்பதால் சன்னல்களைத் திறந்துவைக்கச் சொன்னார். பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே ஒழிந்துவருகிறது. 2025 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் புதிய கருவி செய்ய அதைப் பயன்படுத்துவதில்லை. அவ்வகைப் பெட்டியில் பெரும்பழுது வந்தால் மாற்றிவிடுவதே அறிவு. வில்லையில் இல்லாத வாயுவை ஏற்ற எவர் முன்வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

அவர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: வாயு 2,000, நைட்ரஜன் சோதனையும் வாக்குவமும் 800, கூலி 1,200. மொத்தம் 4,000 ரூபாய். ஊருக்கு ஊர் இது மாறும். ஆனால் இப்படி மூன்றாகப் பிரித்து எழுதிய கணக்கைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

எதிர்வீட்டுப் பெரியவர் கணக்கைப் பார்த்துவிட்டு, “ஒரு மரையைத் திருகினதுக்கு 1,200 கூலியா?” என்றார். மாணவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. காப்பி குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “நாலு மாச வேலைங்க ஐயா இது. மிச்ச எட்டு மாசத்துக்கும் இதுலதான் சாப்பாடு. கயிறு கட்டற நேரத்துல இன்னொரு வீடு முடிச்சிடலாம்னு கூட இருக்கறவன் சொல்வான். போன வருசம் அவன் கயிறு கட்டாம ஏறினான். இப்ப வீட்ல இருக்கான், கால்ல கம்பி வச்சிருக்காங்க.”

அன்றிரவு அம்மா உறங்கிய பிறகு அந்த 1,200 ரூபாயைப் பிரித்துப் பார்த்தேன். மரையைத் திருகியதற்கு ஐம்பது ரூபாய் இருக்கலாம். எந்த மரை என்று கண்டதற்கும், 14,500 ரூபாயை எனக்கு வேண்டாததாக்கியதற்கும், கயிற்றோடு கழிந்த அரை மணிக்கும் போக அதில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. பேரம் பேசும்போது நாம் பாகத்தின் விலையில் கைவைப்பதில்லை. அது அச்சிட்ட விலை. வாயுவிலும் முடியாது, அது தராசில் நிற்கிறது. குறைக்க முடிவது கூலியை மட்டுமே. அந்தக் கூலிக்குள்தான் பார்க்கும் நேரமும் கட்டும் கயிறும் இருக்கின்றன. அதைக் குறைத்தால் அவர் முதலில் விடுவது அவ்விரண்டையும்தான்.

கோடையில் இவர்களுக்கு நாளொன்றுக்குப் பத்து அழைப்புகள் வரும். நிதானமாகப் பார்க்க அவர்கள் விரும்பினாலும் நாம் விடுவதில்லை. மாசி மாதத்தில் அழையுங்கள். வெயில் ஏறியிராது, அவர்களுக்கு வேலை குறைவு, கசிவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அவர் மாடித் தூணில் கயிறு கட்டும்போது அவசரப்படுத்தாமல் ஒரு கை பிடியுங்கள்.